உன் பேட் சரியில்லை தம்பி

என்னிடம் இருக்கும் ஷட்டில் பேட்டின் விலை 16,500 ரூபாய். வீட்டில் நாலாயிரம் என்று சொல்லியிருந்தேன். கோர்ட்டில் கூட ஆடுபவர்களிடம் மட்டும் உண்மையான விலையைச் சொன்னேன், அதுவும் யாரும் கேட்காமலே. இந்த இரண்டையும் முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் நான் செய்த பெரிய தவறு இந்தப் புத்தியிலிருந்துதான் வந்தது.

சிவகாசியில் எனக்கு ஒரு சின்ன ஆஃப்செட் அச்சகம் இருக்கிறது. பட்டாசுப் பெட்டி லேபிள், தீப்பெட்டி லேபிள், தினசரி காலண்டர் அட்டை, இவைதான் தொழில். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். அன்றிலிருந்து மார்கழி வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க நேரமிருக்காது. சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டதாக டாக்டர் சொன்ன பிறகுதான் விடிகாலையில் ஷட்டில் ஆடப் போனேன். திருத்தங்கல் ரோட்டில் முன்பு காகிதக் குடோனாக இருந்த ஷெட்டில் இரண்டு கோர்ட் போட்டிருந்தார்கள். அச்சக முதலாளிகள், பட்டாசு ஏஜெண்டுகள், வக்கீல்கள், பேங்க்காரர்கள் என்று ஒரு கூட்டம் அங்கே சேரும். ஒன்றரை மணி நேரம் ஆடிவிட்டுக் குளித்து எட்டரைக்கு அவரவர் கல்லாவுக்குப் போய்விடுவோம்.

நான் சுமாராக ஆடுபவன். பேக்ஹேண்ட் கிடையாது. ஸ்மாஷ் அடித்தால் எதிராளியின் இடுப்புக்கு நேராக, அவர் எடுக்க வசதியாகப் போய் இறங்கும். வலைக்குப் பக்கம் ஓடிவிட்டுப் பின்னால் திரும்ப என் கால் வராது. இதற்கெல்லாம் ஒரே மருந்து கால் பழக்கம்தான் என்று அங்கே சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கோச் முதல் மாதமே சொல்லிவிட்டார். கோர்ட்டின் ஆறு மூலைக்கும் காக், அதாவது இறகுப்பந்து, இல்லாமல் வெறுமனே ஓடித் திரும்ப வேண்டும். வேர்க்கும், மூச்சு வாங்கும், பார்க்க அழகாகவும் இருக்காது. பத்து வயதுப் பிள்ளைகள் வரிசையில் நின்று அதைச் செய்யும்போது பக்கத்தில் போய் நிற்க எனக்குக் கூச்சம்.

பேட் வாங்குவதில் அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. 2023 ஏப்ரல் 14 அன்று ஜப்பானில் சாத்விக் சாய்ராஜ் ராங்கிரெட்டி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகம் என்று கின்னஸில் ஏறியது. ஆந்திராவின் அமலாபுரத்துப் பையன். அந்த வீடியோவை எத்தனையோ முறை பார்த்தேன். பார்த்தபோது அவருடைய தோளையும் இடுப்பு திரும்பும் விதத்தையும் கவனித்திருக்க வேண்டும். நான் கவனித்தது பேட்டை. ராத்திரி அச்சகத்தில் மிஷின் ஓடிக்கொண்டிருக்க, தண்டு எவ்வளவு விறைப்பு, தலை எவ்வளவு கனம் என்று போனில் படித்துக்கொண்டிருப்பேன். 4யூ என்றால் 80 முதல் 84.9 கிராம், 3யூ என்றால் 85 முதல் 89.9 கிராம் என்று மனப்பாடமாகச் சொல்வேன். இதையெல்லாம் தெரிந்துகொண்டதே ஆட்டம் கற்றுக்கொண்டதற்குச் சமம் என்று நினைத்துவிட்டேன்.

கடைசியில் விறைப்பான தண்டும் தலை கனமுமாக ஒன்றை வாங்கினேன். சர்வதேச ஆட்டக்காரர்கள் பிடிக்கும் ரகம். நரம்பு 28 பவுண்டு இழுவையில் போடச் சொன்னேன். நரம்பு கட்டுபவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்து, "உங்களுக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் வேறொன்றும் பேசவில்லை.

அந்த பேட் என்னிடம் என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். வேகமாக வீசும்போது தண்டு பின்பக்கம் வளைந்து, காக் படும் நேரத்தில் நிமிர வேண்டும். அந்த நிமிர்வில்தான் கூடுதல் வேகம் கிடைக்கிறது. விறைப்பான தண்டை வளைக்க வேகமான கை வேண்டும். என் வீச்சுக்கு அது வளையவே இல்லை. நரம்பின் கதையும் அப்படித்தான். இழுவை கூடக்கூட நடுவில் பட்டால்தான் அடி விழும். கொஞ்சம் தள்ளிப் பட்டால் காக் பாதி கோர்ட்டில் விழுந்துவிடும். நல்ல ஆட்டக்காரனுக்கு எப்போதும் நடுவில் படும் என்பதால் அவனுக்கு அதில் குறி கிடைக்கிறது. எனக்குப் பத்தில் நாலு நடுவில் பட்டால் அதிகம். தலை கனம் வேறு. டபுள்ஸில் எதிராளி வேகமாக அடிக்கும்போது பேட்டைத் தூக்கி முகத்துக்கு நேரே கொண்டுவருவதற்குள் பாயிண்ட் போய்விடும். சில மாதங்களில் வலது முழங்கைக்கு வெளிப்புறம் வலி ஆரம்பித்தது. டென்னிஸ் எல்போ என்றார்கள். காபி டம்ளரைத் தூக்கினால்கூடச் சுரீர் என்றது.

"அண்ணாச்சி, பேட்டை மாத்துங்க. இல்லன்னா நரம்பையாவது 22-க்கு எறக்குங்க" என்றார் கோச். நான் செய்யவில்லை. இறக்கினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதுதான் காரணம். முழங்கையில் பட்டை மாட்டிக்கொண்டு அதே பேட்டில் ஆடினேன்.

விலை கூடிய பேட்டெல்லாம் ஏமாற்று என்று சொல்ல நான் வரவில்லை. தண்டும் சட்டமும் தனித்தனியாகச் செய்து ஒட்டிய ஐநூறு ரூபாய் இரும்பு பேட்டுக்கும், முழுக்க கிராஃபைட்டில் செய்த இரண்டாயிரத்து ஐநூறு ரூபாய் பேட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. இரும்பு பேட்டில் ஆடுபவன் கை நிஜமாகவே களைத்துப்போகும். அதற்கு மேல் நாலாயிரம், ஐயாயிரம் வரைகூட ஏதோ கொஞ்சம் கிடைக்கிறது. அதைத் தாண்டிக் கொடுக்கும் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் பலன் கிடைப்பது, அந்த பேட்டைப் பயன்படுத்தத் தெரிந்த கைக்கு மட்டும்தான். மற்றபடி விதி எல்லோருக்கும் ஒன்று. பேட் 680 மில்லிமீட்டர் நீளத்தையும் 230 மில்லிமீட்டர் அகலத்தையும் தாண்டக் கூடாது. அடிக்கப்போகும் காக் பதினாறு இறகும் 4.74 முதல் 5.50 கிராம் எடையும் உள்ள ஒரு சின்னப் பொருள். லட்ச ரூபாய் கொடுத்தாலும் இந்த அளவுகள் யாருக்கும் மாறாது.

காகித வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் சீசனில் கொடைக்கானல் போய் கோல்ஃப் ஆடுவார். 1895-ல் தொடங்கிய கிளப் அது. அவர் வைத்திருக்கும் டிரைவர் மட்டையின் விலைக்கு என்னுடைய பேட் மூன்று வாங்கலாம். அந்த ஆட்டத்திலும் மட்டையின் தலை 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, பந்தை இவ்வளவுக்கு மேல் துள்ளவைக்கக் கூடாது என்று விதி கட்டிவைத்திருக்கிறார்கள். பெரிய கம்பெனிகளின் மட்டைகள் அந்த எல்லையைத் தொட்டுப் பல வருஷமாகிவிட்டது. ஆகவே போன வருஷத்து மட்டையைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்கும் பொழுதுபோக்கு ஆட்டக்காரருக்குக் கூடுதலாகக் கிடைப்பது மிகவும் சொற்பம். அவர் பந்து வலப்பக்கக் காட்டுக்குள் போவது அவர் மணிக்கட்டால். நாங்கள் இரண்டு பேரும் இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. புது மட்டை வந்தால் மாற்றி மாற்றித் தடவிப் பார்த்திருக்கிறோம்.

அச்சகத்தில் இதே காரியத்தை நான் ஒரு நாளும் செய்ததில்லை. கலர் ஒன்றின்மேல் ஒன்று உட்காராமல் விலகினால், பிளேட் மாட்டியவரின் கையைத்தான் முதலில் பார்ப்பேன், மிஷினை மாற்றக் கிளம்ப மாட்டேன். தொழிலில் இருந்த நிதானம் கோர்ட்டில் எங்கே போனது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி அந்தப் பையனைப் பற்றி.

பக்கத்துக் கிராமத்திலிருந்து விடிகாலையில் சைக்கிளில் வருவான். ஒன்பதாம் வகுப்பு. கோர்ட்டைக் கூட்டி ஈரத்துணி போட்டுத் துடைப்பான். கோச் அதற்குப் பதிலாக அவனுக்குக் கட்டணமில்லாமல் கற்றுக்கொடுத்தார். அப்பாவுக்குப் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் வேலை. அம்மா வீட்டிலிருந்து பெட்டி ஒட்டுகிறார். அவன் வைத்திருந்தது யாரோ கொடுத்த பழைய பேட். சட்டத்தில் பெயிண்ட் உரிந்திருக்கும், கைப்பிடியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருப்பான். நரம்பு தளர்ந்து, அடிக்கும்போது டொப் என்று சத்தம் வரும். அதை வைத்துக்கொண்டு பின்வரிசையிலிருந்து பின்வரிசைக்குக் காக் போடுவான். ஆறு மூலை ஓட்டத்தை அவனளவு ஒழுங்காகச் செய்தவர்கள் அந்தக் கோர்ட்டில் இல்லை.

ஒரு நாள் ஆள் குறைந்ததால் என்னோடு சிங்கிள்ஸ் ஆட அவனைக் கூப்பிட்டார்கள். 21-க்கு 9 என்று தோற்றேன். அவன் ஒன்றும் என்னை அவமானப்படுத்தவில்லை. முடிந்ததும் கை கொடுத்து, "தேங்க்ஸ் அண்ணாச்சி" என்றான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் சிரித்தார்கள். ஒருவர், "பதினாறாயிரத்த டியூப் சுத்துன பேட் தோக்கடிச்சிருச்சே" என்றார்.

அந்த வாரம் அவன் பள்ளிக் குறுவட்டப் போட்டியில் ஜெயித்து மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தான். எல்லோரும் அவனைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் போனேன். அவன் பேட்டை வாங்கி, நரம்பை விரலால் அழுத்திப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். "உன் பேட் சரியில்லை தம்பி. இத வச்சு இங்க ஆடலாம். மாவட்டத்துல விருதுநகர், ராஜபாளையம் பையன்க எல்லாம் வருவாங்க. இதோட போய் நின்னா கேவலமாப் போயிரும்."

அக்கறையோடு சொன்னதாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் வெகுநாள் என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். ஜெயித்தவனுடைய பேட் மட்டம் என்று நிலைநாட்டினால்தான் தோற்றவனுடைய பேட் உசத்தி என்று நிற்கும். என் 16,500 ரூபாய் வீணாகவில்லை என்று நான் நம்புவதற்கு, இன்னொருவரும் அதே வழியில் பணம் போட வேண்டியிருந்தது. அதற்கு எனக்குக் கிடைத்தவன், எங்கள் எல்லோரிலும் குறைந்த காசு உள்ள வீட்டுப் பிள்ளை.

இதில் இன்னும் மோசமான ஒன்று உண்டு. நான் அதைச் சொன்ன அன்றைக்கே என் பேட் எனக்கு உதவவில்லை என்று எனக்குத் தெரியும். முழங்கையில் பட்டை இருந்தது. கோச் சொன்ன சொல் காதில் இருந்தது. தெரியாமல் சொன்னேன் என்று இதை யாரும் மன்னிக்க வேண்டாம்.

பையன் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். அவன் அப்பா ஷட்டில் ஆடாதவர். நல்ல பேட் எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அச்சகம் வைத்திருக்கிறவர், படித்தவர், தினமும் ஆடுகிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். ஆலையில் போர்மேனிடம் அட்வான்ஸ் கேட்டிருக்கிறார். தீபாவளி போனஸில் கழித்துக்கொள்வதாகப் பேச்சு. மதுரைக்குப் போய் 8,900 ரூபாய்க்கு ஒரு பேட் வாங்கி வந்தார். என்னுடைய பேட்டின் வரிசையிலேயே ஒரு படி கீழே உள்ளது. தண்டு விறைப்பு, தலை கனம். நரம்பும் 28 பவுண்டு. "அண்ணாச்சி பேட்டுல எவ்வளவோ அவ்வளவே போடுங்க" என்று கடையில் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

எங்கள் பக்கம் தீபாவளி போனஸ் என்றால் என்ன என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். வருஷம் முழுக்கச் சனிக்கிழமைச் சம்பளம் வாரச் செலவுக்குத்தான் காணும். துணிமணி, பாத்திரம், அடகில் இருக்கும் கம்மலை மீட்பது, எல்லாம் அந்த போனஸை நம்பித்தான். மழை பிடித்துக்கொண்டால் மருந்து காயாது, வேலையும் இருக்காது. 2018 அக்டோபரில் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் உச்ச நீதிமன்றம் தடை போட்ட பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்த நாட்களை யாரும் இன்னும் மறக்கவில்லை. மருந்து செலுத்தும் வேலையில் ஒரு உராய்வு போதும். அந்த அறையில் உட்கார்ந்து சம்பாதித்த பணத்தில் வந்த பேட் அது.

மாவட்டப் போட்டியில் பையன் இரண்டாவது சுற்றில் தோற்றான். பழைய பேட்டில் ஆடியிருந்தால் ஜெயித்திருப்பான் என்று நான் சொல்ல முடியாது. எதிராளி நல்ல ஆட்டக்காரன் என்றார்கள். ஆனால் புது பேட் கைக்கு வந்ததிலிருந்து அவன் தூக்கிப் போடும் காக் கோர்ட்டின் பாதியிலேயே விழுந்ததைப் போட்டிக்கு முந்தின வாரங்களில் நானே பார்த்தேன். ஏன் விழுகிறது என்று அங்கே எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும், எனக்கும் அதேதான் நடந்துகொண்டிருந்தது. தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். கோச் நரம்பை இறக்கச் சொல்லியும், "அப்பா இவ்வளவு காசு போட்டுக் கட்டுன நரம்பு சார்" என்று அறுக்க மனசில்லாமல் ஆடினான். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

தீபாவளி கழிந்து ஆலை மறுபடி பூஜை போட்டுத் திறந்த பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் அப்போதுதான் வேலை முடித்து வந்து முற்றத்தில் கை கழுவிக்கொண்டிருந்தார். அலுமினியப் பவுடர் நகக்கண்ணிலும் ரேகையிலும் ஏறிக் கை வெள்ளி பூசியதாக மின்னியது. தேங்காய் நாரை வைத்துத் தேய்த்தார், முழுக்கப் போகவில்லை. வீட்டுச் சுவரில் ஒரு பத்திரிகைத் துண்டை ஒட்டியிருந்தார்கள். மதுரை ஜெர்லின் அனிகா 2022 மே மாதம் பிரேசிலில் நடந்த செவித்திறன் குறைந்தோர் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கிய செய்தி. அதற்குக் கீழே ஆணியில் அந்தப் புது பேட் உறையோடு தொங்கியது.

நான் போன விஷயத்தைச் சொன்னேன். என் பேட் எனக்கே உதவவில்லை, தெரிந்துகொண்டேதான் உங்கள் பையனிடம் அப்படிச் சொன்னேன், தோற்ற எரிச்சலில் சொன்னேன் என்றேன். 8,900 ரூபாயைக் கவரில் கொண்டுபோயிருந்தேன். அவர் கவரைத் தொடவில்லை.

"நீங்க சொன்னீங்கன்னு மட்டும் வாங்கல அண்ணாச்சி" என்றார். "அவன் ஒரு நாளும் எதுவும் கேட்டதில்ல. அன்னைக்குத்தான் மொத மொதலாக் கேட்டான். அதான் வாங்குனேன். காசு வேணாம். எங்கிட்டச் சொல்லி என்ன? தோத்ததுல இருந்து தனக்குத்தான் வராதுன்னு நெனச்சுக்கிட்டு ஒரு மாதிரியாத் திரியுதான். அவன்ட்டச் சொல்லுங்க."

அவர் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. பண நஷ்டத்தை மட்டும் கணக்குப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். நல்ல பேட் கையில் இருந்தும் தோற்றுவிட்டோம், ஆகவே குறை நம்மிடம்தான் என்று ஒரு பதினாலு வயசுப் பிள்ளை முடிவு கட்டியிருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோர்ட்டில் எல்லோரும் இருந்தார்கள். அன்று எல்லோர் முன்னாலும் சொன்னதால், இன்றும் எல்லோரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னேன். பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. பையன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும், "அப்ப என் பழைய பேட் நல்ல பேட்டா அண்ணாச்சி?" என்று கேட்டான்.

இல்லை என்றேன். அது தேய்ந்துபோன பேட், உனக்கு இன்னொன்று தேவையாகத்தான் இருந்தது. இரண்டாயிரத்து ஐநூறு ரூபாயில், வளையும் தண்டோடு ஒன்று போதுமாக இருந்திருக்கும், மிச்சக் காசுக்கு நல்ல ஷூ வாங்கியிருக்கலாம் என்றேன். அதை அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். கோச்சும் தலையாட்டினார்.

பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உறையிலிருந்து பேட்டை எடுத்தான். "இந்த நரம்ப அறுத்துட்டு 23-ல போட்டுத் தாறீங்களா?" என்றான். அன்றைக்கே நரம்பு கட்டுபவரிடம் கொண்டுபோய் அவன் பேட்டையும் என்னுடையதையும் அறுத்து 23-ல் போட்டேன். தோள் வலி குறைந்திருப்பதாகச் சொல்கிறான். காக் மறுபடி பின்கோட்டுக்குப் போகிறது. தண்டின் விறைப்பை ஒன்றும் செய்ய முடியாது. அவன் கை வளர்ந்து அதை வளைக்க இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்கிறார் கோச். அவன் அப்பாவுக்குப் போனஸில் கழிந்தது கழிந்ததுதான், அந்தக் கவரை இதுவரை அவர் வாங்கவில்லை. வீட்டில் என் பேட்டின் விலையைச் சொல்லிவிட்டேன்.